எட்டில் ஒரு பங்கு சாட்சி

7

"என்ன தெரியுது அத்தான்?"

"ஒரு கண்ணு."

"யாரோடது?"

"என்னோடதுதான்னு நினைக்கிறேன்."

பல் டாக்டர்கள் நம் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடி அது. அதைக் கார் இன்ஜினுக்குப் பின்பக்கமாக நுழைத்து, கழுத்தை ஒரு பக்கமும் இடுப்பை இன்னொரு பக்கமும் முறுக்கிக்கொண்டு, பத்து நிமிடமாகத் தன் கண்ணையே சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார் அரைக்கேஸ்.

அரைக்கேஸ் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவர் எடுத்த முதல் வழக்கில் திருடன் பிடிபட்டான், திருட்டுப்போன பொருள் கிடைக்கவில்லை. இரண்டாவதில் பொருள் கிடைத்தது, திருடன் அகப்படவில்லை. இரண்டையும் கூட்டினால் ஒரு முழு வழக்கு வருகிறதே என்று அவர் வாதாடிப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை, பெயர் ஒட்டிக்கொண்டது. வாசலில் 'துப்பறியும் நிபுணர்' என்று பலகை மாட்டிய அன்றே தபால்காரர் அதற்குக் கீழே நின்றுகொண்டு, "இங்க அரைக்கேஸ் சார் வீடு எதுங்க?" என்று அவரிடமே கேட்டார்.

உதவியாளர் அவருடைய மனைவியின் தங்கை. அழகு நிலையத்தில் பெண்களுக்கு நகத்தில் கல் ஒட்டிக்கொண்டிருந்தவள், போன வருடம் அந்த வேலையை விட்டுவிட்டு இவரிடம் வந்து சேர்ந்தாள். தன்னைத் துப்பறிய மனைவி அனுப்பிவைத்த ஆள் என்று அவருக்கு ஒரு சந்தேகம். அதையும் இதுவரை நிரூபிக்க முடியவில்லை.

"இது என் இன்ஜின் இல்லீங்க," என்றார் பல் டாக்டர். காலையிலிருந்து ஏழாவது தடவை.

அவர்கள் நின்றுகொண்டிருந்தது டாக்டர் வீட்டு கார் கொட்டகை. நடுவில் சிவப்பாக நின்றது அவருடைய வண்டி. ஹாட்ராட் என்கிற ரகம். வேறு யாரும் வேண்டாம் என்று தள்ளிவிட்ட பழைய காரை வாங்கி, கூரையை வெட்டித் தாழ்த்தி, பின்சக்கரங்களைப் பெரிதாக்கி, இன்ஜினுக்கு மூடியே போடாமல் ஊர் பார்க்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். எட்டு சிலிண்டர், மேலே வரிசையாக மூன்று கார்புரேட்டர், பக்கத்துக்கு நாலு சைலன்சர் பைப். வண்டியை முடிக்க டாக்டருக்குப் பதினோரு வருடம் ஆனது. அந்தப் பதினோரு வருடமும் ஞாயிற்றுக்கிழமை பல்வலி வந்தவர்கள் திங்கட்கிழமை வரை பொறுத்துக்கொண்டார்கள்.

"மறுபடி முதல்லேருந்து சொல்லுங்க டாக்டர்," என்றார் அரைக்கேஸ், இடுப்பை நேராக்க முயன்றபடி. முதலில் சொன்னதை அவர் சரியாகக் கவனிக்கவில்லை என்பது மைத்துனிக்குத் தெரியும்.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி பெயின்ட் அடிக்க ஷெட்டுக்குப் போச்சு. மூணு வாரம் அங்க இருந்துச்சு. திரும்பி வந்ததும் ஸ்டார்ட் பண்ணேன். பண்ண உடனேயே தெரிஞ்சுது. என் இன்ஜின் சும்மா நிக்கறப்ப நடுவுல ஒரு மூச்சு விடுங்க. டபடபடபன்னு போய், ஒரு இடத்துல தயங்கி, திரும்ப டபடபன்னு எடுக்கும். இது மூச்சே விடாம அடிக்குது. போதாததுக்கு எண்ணெய் வேற வியர்க்குது."

"வீட்டுல மத்தவங்க என்ன சொல்றாங்க?"

"அதே சத்தம்தான்னு சொல்றாங்க. என் சம்சாரம், என் அண்ணன், கிளினிக்ல இருக்கற நர்ஸ், எல்லாரும். ஒரு மாசமா நாலு பக்கமும் சொல்லச் சொல்ல எனக்கே பயம் வந்துருச்சுங்க." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "நேத்து ஒருத்தருக்குப் பல்லு பிடுங்கணும். இதுதான் அந்தப் பல்லான்னு மூணு தடவை எண்ணினேன். மூணு தடவையும் சரியாத்தான் வந்துச்சு. ஆனா கை ஓடலை. மாத்திரை குடுத்து அனுப்பிட்டேன்."

அரைக்கேஸுக்கு முதல்முறையாக அந்த மனிதர்மேல் பாவமாக இருந்தது. தன் வேலையில் தன்னையே நம்ப முடியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். பழகிப்போன விஷயம்.

இன்றைக்கு நாலு மணிக்கு ஷெட்டுக்காரர் வருகிறார். "மனசுக்குக் கஷ்டமா இருந்தா வண்டியை நானே எடுத்துக்கறேன் டாக்டர்," என்று அவர் பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார். ஐந்து மணிக்கு மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது. துப்பறிபவரும் இது அதே இன்ஜின்தான் என்று சொல்லிவிட்டால், வண்டியைக் கொடுத்துவிட்டு, கிளினிக்கையும் பூட்டிவிட்டு, சொல்கிற மாத்திரையைச் சாப்பிடுவதாக டாக்டர் வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தார். மணி இப்போது மூன்று.

"இன்ஜின் நம்பர்?"

"இரும்புக் கடையிலேருந்து எடுக்கறப்பவே அந்த இடம் தேஞ்சு வழவழன்னு இருந்துச்சு."

"இதுலயும் வழவழன்னுதான் இருக்கு. போட்டோ?"

டாக்டர் ஆல்பத்தைக் கொடுத்தார். நாற்பது படங்கள். நாற்பதிலும் இன்ஜினுக்கு முன்னால் டாக்டர் சிரித்துக்கொண்டு நின்றார். டாக்டருடைய தொப்பை இன்ஜினைவிட அகலம்.

"இதுல தெளிவாத் தெரியற பாகம் உங்க பல்லுதான் டாக்டர்," என்றாள் மைத்துனி.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டரின் மனைவி வந்தாள். இரண்டு கைகளிலும் ஒரு கண்ணாடிப் பெட்டி. பிறந்த குழந்தையை எடுத்து வருகிற நடை.

"எதுக்கு வீண் பேச்சு? இதோட வச்சுப் பாருங்க," என்றாள்.

பெட்டிக்குள் அதே இன்ஜின் இருந்தது. எட்டில் ஒரு பங்கு அளவு. உள்ளங்கையில் உட்கார்ந்துவிடும். அரைக்கேஸ் குனிந்து பார்த்தார், பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். சைலன்சர் பைப்புகள் சூடேறிச் சூடேறி நீலமும் பழுப்பும் பாய்ந்தது போலவே இருந்தன. மின்சாரத்தைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து எட்டு பிளக்குக்கும் தலைமுடி பருமனில் எட்டு ஒயர் போயிருந்தது.

"பைப்பெல்லாம் பத்த வைக்கற ஈயக் கம்பியை வளைச்சது. பெல்ட் கறுப்பு டேப்பை நறுக்கினது," என்றாள் அந்த அம்மா. "போல்ட்டுக்கு ஆறு பட்டைப் பிளாஸ்டிக் கம்பி விக்கும். அதை பிளேடால சீவி, ஒவ்வொண்ணா இடுக்கியில எடுத்து ஒட்டணும். ஒரு போல்ட் பாதி எள்ளு இருக்கும். பத்து மாசம் பண்ணேன், இவர் பிறந்தநாளுக்காக. மாடல் போட்டியில 'அசலுக்கு மிக நெருக்கமானது'ன்னு முதல் பரிசு குடுத்தாங்க."

"ஒரு போல்ட் கூட விடலை இவ," என்றார் டாக்டர். இவ்வளவு சோகத்திலும் அந்த வாக்கியத்தைப் பெருமையோடுதான் சொன்னார். நிறைய பேரிடம் சொல்லிப் பழகிய வாக்கியம் போலிருந்தது.

அரைக்கேஸுக்கு மூளையில் விளக்கெரிந்தது. அது அடிக்கடி எரிவதில்லை, எரிந்தால் அணைவதற்குள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

"மாடல்தான் சாட்சி!" என்று அறிவித்தார். "வண்டி ஷெட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இன்ஜின் எப்படி இருந்துச்சோ அப்படியே இதுல பதிவாகியிருக்கு. நீ மாடலைப் பார்த்துச் சொல்லு. நான் இன்ஜினைப் பார்த்துச் சொல்றேன். எங்க இடிக்குதோ அங்க திருடன் இருக்கான்."

"நீங்க நிமிர்ந்தா இடிக்கும், மேல பலகை இருக்கு," என்றபடி மைத்துனி பூதக்கண்ணாடியை எடுத்தாள்.

"நடு கார்புரேட்டர்?"

"மூடியில ஒரு சின்ன நசுக்கல்."

"இங்கயும் நசுங்கியிருக்கு. ஃபேன்?"

"ஆறு இறக்கை. ஒண்ணுல மட்டும் கீறல்."

"கீறல் இருக்கு. மூணாவது பைப்?"

"மத்ததைவிட நீலம் ஜாஸ்தி."

"ஜாஸ்தி."

இருபது நிமிடம் இப்படியே போனது. எதுவும் இடிக்கவில்லை. ஒவ்வொரு 'இருக்கு'வுக்கும் டாக்டர் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் இறங்கியது. கடைசியில் இடதுபக்க டேப்பட் கவர் மட்டும் மிச்சம். வால்வுகளை மூடுகிற நீளத் தகடு அது, விளிம்பைச் சுற்றி போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். அரைக்கேஸ் பல் கண்ணாடியை ஒயர்களுக்கு நடுவே விட்டு, கவரின் பின்மூலை வரை கொண்டுபோனார்.

"மொத்தம் ஆறு இடம்... அஞ்சு போல்ட்... ஏய்! கடைசி போல்ட்டைக் காணோம்! வெறும் ஓட்டைதான் இருக்கு!"

துள்ளி எழுந்தார். மேலே பலகை இருந்தது.

"ஆறு இருந்துச்சுங்க!" டாக்டர் கிட்டே ஓடிவந்தார். "நான்தான் போட்டேன். அந்தக் கடைசி போல்ட்டுக்குக் கை நுழையாம விரல்ல தோலே வழண்டு போச்சு!"

"கண்டுபிடிச்சாச்சு!" தலையைத் தேய்த்துக்கொண்டே அரைக்கேஸ் சிரித்தார். "மாடல்ல பாரும்மா, ஆறு இருக்கும்."

மைத்துனி பார்த்தாள். பூதக்கண்ணாடியைக் கொஞ்சம் விலக்கி, கிட்டே கொண்டுவந்து, திரும்பவும் பார்த்தாள்.

"அஞ்சுதான் அத்தான். ஆறாவது இடத்துல கறுப்பா ஓட்டை."

அரைக்கேஸ் மாடலைத் தானே வாங்கிப் பார்த்தார். ஓட்டைதான். வெற்றி வந்த வேகத்தில் திரும்பிப் போவது அவருக்குப் புதிதல்ல. ஆனால் இந்தத் தடவை, போகிற வெற்றியின் வாலைப் பிடித்து இன்னொரு வெற்றியாக மாற்றிவிட்டோம் என்று நினைத்தார். தொண்டையைக் கனைத்தார்.

"டாக்டர், மனசைத் திடப்படுத்திக்குங்க. இது உங்க இன்ஜின்தான். போலி செய்யறவன் நல்லா இருக்கறதையெல்லாம் காப்பியடிப்பான். யாருக்கும் தெரியாத மூலையில இருக்கற குறையை எவனும் காப்பியடிக்க மாட்டான். இந்த ஓட்டை உங்க இன்ஜின்ல எப்பவுமே இருந்திருக்கு. எண்ணெய் வியர்க்கறதும் இது வழியாத்தான். உங்க சம்சாரம் பார்த்து, உள்ளபடி செஞ்சிருக்காங்க. நீங்கதான் ஆறு போட்டதா நினைச்சுக்கிட்டிருக்கீங்க."

பேசி முடித்ததும் கைதட்டலுக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றார். டாக்டர் சுவரோரம் கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப காது மட்டும் இல்ல. ஞாபகமும் போயிடுச்சு," என்றார். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தோலு வழண்டது கூட நானா கற்பனை பண்ணிக்கிட்டதுதான் போல." பிறகு மனைவியை நிமிர்ந்து பார்த்தார். "அஞ்சு மணிக்குத்தானே சொன்னே? நீ கூட்டிட்டுப் போக வேணாம். நானே கிளம்பி வர்றேன்."

அந்த அம்மா காலிக் கண்ணாடிப் பெட்டியை மார்போடு அணைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துக்கத்தில் வாயடைத்து நிற்கிறாள் என்று அரைக்கேஸ் முடிவுகட்டினார். அன்றைய தினத்தில் அவர் எடுத்த இரண்டாவது தவறான முடிவு அது.

மைத்துனி மட்டும் மாடலை விடவில்லை. வெளிச்சத்தில் சாய்த்தாள், மறுபக்கம் சாய்த்தாள்.

"அத்தான், ஓட்டைக்கு எதுக்கு பசை?"

"என்னது?"

"இந்தக் கறுப்புக்கு அடியில பசை மினுங்குது. அழகு நிலையத்துல எத்தனை பார்த்திருக்கேன்! கல்லு விழுந்த நகம் இப்படித்தான் இருக்கும். மேல என்ன சாயம் பூசினாலும் பசை வச்ச இடம் காட்டிக் குடுத்துடும். போல்ட்டை ஒட்டத்தானே பசை வைப்பாங்க. ஓட்டையை யாராவது ஒட்டுவாங்களா?"

எல்லோரும் டாக்டரின் மனைவியைப் பார்த்தார்கள். அவள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"போட்டிக்கு முதல் நாள்," என்றாள். "பசை வச்சுட்டு இடுக்கியில போல்ட்டை எடுத்தேன். டிக்குன்னு ஒரு சத்தம். இடுக்கி இருக்கு, போல்ட்டைக் காணோம். மாடல் செய்யற எல்லாருக்கும் நடக்கறதுதான், கார்ப்பெட் தின்னுடுச்சுன்னு சொல்லிக்குவோம். அரை நாள் முழங்கால் போட்டுத் தேடினேன். இன்னொண்ணு சீவலாம்னா கம்பி தீர்ந்துபோச்சு. கறுப்புல ஒரு புள்ளி வச்சேன். ஓட்டை மாதிரியே தெரிஞ்சுது. பின்மூலைதானே, யாரு எண்ணப்போறான்னு விட்டுட்டேன்."

"எவ்வளவு அழகா இருக்கு ஓட்டை," என்றார் அரைக்கேஸ். அவரால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

"அப்புறம் பரிசு வேற குடுத்துட்டாங்க. இவரோ போறவங்க வர்றவங்க கிட்டயெல்லாம் 'ஒரு போல்ட் கூட விடலை'ங்கறாரு. எந்த வாயால சொல்றது?" அவள் கணவன் பக்கம் திரும்பினாள். குரல் உடைந்துவிட்டது. "இந்த சார் ஓட்டைன்னு சொன்னதுமே எனக்குத் தெரியும்ங்க. நீங்க டயர்மேல உட்கார்ந்தீங்களே, அப்பவும் வாயைத் திறக்காம நின்னேன். ஒரு சர்டிபிகேட்டுக்காக உங்களைப் பைத்தியமாக்கப் பார்த்தேன். அசல் இன்ஜின்ல ஆறு போல்ட்தான். எண்ணித்தான் நானும் ஆறு சீவினேன்."

டாக்டர் எழுந்தார். அவருக்குக் கோபம் வரும் என்று அரைக்கேஸ் எதிர்பார்த்தார். அதுவும் வரவில்லை. "ஆறுதானே?" என்று கேட்டார் டாக்டர், நம்ப முடியாதவராக. "ஆறுதானே நான் சொன்னேன்?"

அரைக்கேஸ் தலையில் வீக்கத்தைத் தடவிக்கொண்டே யோசித்தார். தான் சொன்ன தத்துவம் அப்படியே தலைகீழாக நின்று தன்னைப் பார்த்துச் சிரிப்பது தெரிந்தது. அசலில் ஓட்டை இல்லை. மாடலில்தான் ஓட்டை. அப்படியானால் இந்த இன்ஜினுக்கு ஓட்டை எங்கிருந்து வந்தது?

"குறையை எவனும் காப்பியடிக்க மாட்டான்னு சொன்னீங்க," என்று மைத்துனி ஞாபகப்படுத்தினாள்.

"சொன்னேன்."

"ஒருத்தன் அடிச்சிருக்கான்."

"அதான் தெரியுதே. அம்மா, இந்த மாடல் வீட்டை விட்டு எப்பவாவது வெளியே போச்சா?"

"போட்டிக்கு ஒரு நாள். அப்புறம் ஷெட்டுக்காரர் கேட்டாரு. பெயின்ட் அடிக்கற மூணு வாரமும் ஷெட் வாசல்ல வச்சா நாலு பேர் பார்ப்பாங்கன்னு..." அவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

வாசலில் ஹாரன் அடித்தது. மணி நாலு.

ஷெட்டுக்காரர் சிரித்த முகமாக, கையெழுத்து வாங்கவேண்டிய தாளோடு வந்தார். கையில் கிரீஸ் இல்லாமல் அவரைப் பார்ப்பது அபூர்வம். இன்று சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் மைத்துனி அவர் காலை மெதுவாக மிதித்தாள்.

"வாங்க," என்றார் அரைக்கேஸ். "உங்களைப் பத்தித்தான் பேச்சு. வேலை சுத்தமில்லைன்னு டாக்டர் வருத்தப்படறாரு."

"யாரு வேலை? என் வேலையா?"

"பின்ன? டேப்பட் கவர்ல ஒரு போல்ட் போட மறந்துட்டீங்களே. கவனக்குறைவு."

ஷெட்டுக்காரரின் முகம் சிவந்தது. முப்பது வருடமாக யாரும் அவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"மறந்தேனா? நானா? ஐயா, போல்ட்டைப் போட்டு முடிச்சு, அப்புறம் கழட்டினேன்! அந்தம்மா மாடல்ல அங்க போல்ட் கிடையாது. அவங்க ஒரு ஆணியைக்கூட விடமாட்டாங்க. அவங்க விட்டிருந்தா அசல்லயே இல்லைன்னுதானே அர்த்தம்? எண்ணெய் கசியும்னு தெரிஞ்சும், அச்சு அசலா இருக்கணும்னு..."

அந்த இடத்தில்தான் தன் குரல் அவர் காதிலேயே விழுந்தது.

"அச்சு அசலா இருக்கணும்னு?" என்று மைத்துனி எடுத்துக் கொடுத்தாள்.

ஷெட்டுக்காரர் தாளை மடித்தார், இன்னும் சின்னதாக மடித்தார். பிறகு டாக்டர் காலி செய்திருந்த டயர்மேல் தானே போய் உட்கார்ந்தார். மீதியைக் கேட்காமலே சொன்னார். பழைய இன்ஜின்களைச் சேகரிக்கிற ஒருவர் ஷெட்டுக்கு வந்திருக்கிறார், பார்த்ததும் அதன்மேல் பைத்தியமாகிவிட்டார். கேட்ட பணத்தைக் கொடுத்து, லாரியோடு வந்து அன்றைக்கே முழு இன்ஜினையும் ஒரு திருகாணிகூட விடாமல் தூக்கிப்போய்விட்டார். மாற்று இன்ஜின் வந்து சேர்ந்தபோது, பார்த்துச் செய்ய ஷெட்டில் இருந்தது வாசலில் வைத்த மாடல் ஒன்றுதான்.

"நசுக்கல் கூட நானே சுத்தியலால தட்டினேன்," என்றார். அதை மட்டும் கொஞ்சம் பெருமையோடு சொன்னார்.

"அவரோட போன் நம்பரைச் சொல்லுங்க," என்றார் அரைக்கேஸ்.

டாக்டர் வீட்டு முன்னறையில் போன் இருந்தது. சேகரிப்பாளர் முதலில் தடுமாறினார், பிறகு பதறினார். வண்டியின் சொந்தக்காரர்தான் விற்கச் சொன்னார் என்று ஷெட்டுக்காரர் அவரை நம்பவைத்திருந்தார். இன்ஜினைத் தன் வண்டியில் பொருத்தியாகிவிட்டது என்றும், நாளைக் காலையிலேயே கழற்றித் தருகிறேன் என்றும் சொன்னார்.

தன் வாழ்க்கையில் திருடனும் பொருளும் ஒரே நாளில் அகப்பட்டது இதுதான் முதல் தடவை என்று அரைக்கேஸ் கணக்குப் பார்த்தார். கண்டுபிடித்தது மைத்துனி என்பதால் இதிலும் தனக்கு அரைதான் வரும் என்பதும் உடனே புரிந்தது.

"ஒரே ஒரு உதவி," என்று டாக்டர் ரிசீவரை வாங்கிக்கொண்டார். "அதைக் கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணி, போனைப் பக்கத்துல வையுங்க."

காத்திருந்தார்கள். எங்கோ ஒரு கதவு திறந்தது, ஏதோ உருண்டது. பிறகு ரிசீவருக்குள் சின்னதாக ஒரு சத்தம் கிளம்பியது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய தோள் தளர்ந்தது. ஒரு மாதமாகத் தூக்கிப் பிடித்திருந்த தோள். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்ததை அவர் துடைக்கவில்லை.

"கேளு," என்று ரிசீவரை மனைவியிடம் கொடுத்தார். "இப்ப மூச்சு விடும் பாரு. அங்க... அங்க..."

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள். அரைக்கேஸ் பக்கத்தில்தான் நின்றார், அவருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. கொட்டகையில் கேட்டதற்கும் இதற்கும் அவரால் ஒரு வித்தியாசமும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த அம்மாவுக்கும் எதுவும் தெரியவில்லை என்பதை அவள் முகமே சொன்னது.

"ஆமாங்க," என்றாள் அவள். "நம்மளதுதான்."